மூன்றாவது மாடியில் சுக்குக்காப்பி

தமிழ்நாட்டிலேயே ஆகாய மார்க்கமாக ஆபீஸ் போய்த் திரும்பிய ஒரே சுக்குக்காப்பி வண்டி சண்முகத்தாயுடையதுதான். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது, சண்முகத்தாய் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்களில் பாதிப்பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மீதிப்பேர், கருப்பட்டி கொஞ்சம் தூக்கலாக, ஆளுக்கொரு காப்பி சொன்னார்கள்.

துறைமுகச் சாலையில் லாரி ஓட்டுகிற அத்தனை பேரும் இதை நம்புகிறார்கள். உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் நம்புகிறார்கள். நம்பாத ஒரே ஆள் வேல்ராஜ். சண்முகத்தாயின் வண்டிக்குப் பக்கத்திலேயே பஞ்சர் கடை வைத்திருப்பவன். எதையும் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே ஒப்புக்கொள்வது அவன் தொழில் வழக்கம்.

"கிரேன்ல தூக்குனாங்கன்னே வச்சுக்கிடுவோம்க்கா. உன்னய எதுக்குத் தூக்கணும்? நீ என்ன கண்டெய்னரா?"

"அதத்தாம்லே நானும் கேட்டேன். வளர்ச்சின்னாவ."

"நான் இருக்கும்போது ஒண்ணும் வளரல. நான் ஊருக்குப் போனதும் வளந்துட்டாக்கும்?"

"நீ மாமனார் ஊர்க் கோயில் கொடைக்குப் போயிக் கறி தின்னுக்கிட்டுக் கெடந்தா, ஒனக்காக வளர்ச்சி காத்துக்கிட்டு நிக்குமாக்கும்?"

அது என்னவோ உண்மைதான். வேல்ராஜ் கடையை இழுத்துப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு பஸ் ஏறிய மறுநாள் காலையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. சண்முகத்தாய் வழக்கம்போல் விடிவதற்கு முன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு துறைமுக வாசலுக்கு எதிரே இருக்கிற வாகை மரத்தடிக்கு வந்தாள். அவள் நிற்கும் இடத்துக்குக் குறுக்கே தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு கிடந்தது. அவளுடைய பாய்லர் கோட்டுக்கு இந்தப் பக்கம், கருப்பட்டிப் பெட்டி அந்தப் பக்கம்.

அந்த மரத்தடி இல்லையென்றால் சண்முகத்தாய்க்குப் பிழைப்பு இல்லை. சரக்கு ஏற்ற வருகிற லாரிகள் வாசல் திறப்பதற்காக வரிசை போட்டு நிற்கும் இடம் அது ஒன்றுதான். ஐம்பதடி தள்ளிப் போனால் லாரி நிற்காது. லாரி நிற்காத இடத்தில் காப்பி போட்டால் அதை அவளேதான் குடிக்க வேண்டும்.

சற்று நேரத்தில் கையில் டேப்லட்டுடன் ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, காலில் ஓடுவதற்கென்றே செய்த செருப்பு, முகத்தில் எதைப் பார்த்தாலும் பூரித்துப் போகிற சந்தோஷம்.

"அக்கா, நான் ரம்யா. சிறுநகர உள்ளடக்கிய வளர்ச்சி இயக்ககத்துல இருந்து வர்றேன். மாநகராட்சிக்கு உதவி பண்றோம்."

"பாவம், அவ்வொளுக்கு என்ன கஷ்டம் தாயி?"

"கஷ்டம் இல்லக்கா. ஊர் வளரும்போது எல்லாரும் சேர்ந்து வளரணும் இல்லையா? அதுக்கு எப்படி வளரணும்னு சொல்லிக் கொடுக்கிறோம்."

"இந்தக் கோடு?"

"இங்க வளர்ச்சிச் சதுக்கம் வருதுக்கா. உங்களை மாதிரிச் சின்ன வியாபாரிங்க நின்னு வியாபாரம் பண்றதுக்கு."

"நான் இப்பமும் நின்னுதான செய்யுதேன்?"

"ஆமா. அதனாலதான் முதல்ல உங்களை எடுக்கணும்."

சண்முகத்தாய் ஒரு காப்பியை ஆற்றி அவள் கையில் கொடுத்தாள். வெயிலில் அலைகிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ரம்யா குடித்துவிட்டு மலர்ந்து போனாள். பிறகு டேப்லட்டைத் தட்டிக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். தினமும் வியாபாரம் நடக்கிறதா, மகளைப் படிக்க வைத்தாளா, மூன்று வேளையும் சாப்பிடுகிறாளா. எல்லாவற்றுக்கும் சண்முகத்தாய் 'ஆமா' என்று சொல்லச் சொல்ல ரம்யாவின் முகம் வாடிக்கொண்டே வந்தது.

"அக்கா, நீங்க ஏற்கெனவே உள்ள இருக்கீங்க."

"எதுக்குள்ள?"

"வளர்ச்சிக்குள்ள. வெளிய இருக்கிறவங்களைத்தான் எங்களால உள்ள கொண்டு வர முடியும். உள்ள இருக்கிறவங்களுக்குச் சதுக்கத்துல இடம் கிடையாதுக்கா." சொல்லிவிட்டு அந்தப் பெண் நிஜமாகவே வருத்தப்பட்டாள். பிறகு திடீரென்று தெளிந்தாள். "கொஞ்ச நாள் வெளிய இருந்து பாக்குறீங்களா?"

மறுநாள் இயக்ககத்தின் வேன் வந்து வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் உப்பளங்களுக்குப் பின்னால் ஒரு பொட்டலில் விட்டது. அங்கே காக்கை வந்தால்கூட வழி தவறி வந்த காக்கையாகத்தான் இருக்கும். சண்முகத்தாய் காலையில் அடுப்பைப் பற்றவைப்பாள், மத்தியானம் அணைப்பாள். உப்புக் காற்றில் டம்ளர்கள் எல்லாம் வெள்ளை பூத்தன. ரம்யா ஸ்கூட்டரில் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவாள்.

"சூப்பர்க்கா. இப்ப நல்லா வெளிய இருக்கீங்க."

ஒரு நாள் இணை இயக்குநர் சிவப்பிரகாஷே காரில் வந்தார். காரை விட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினார். பொட்டலை ஒரு சுற்று பார்த்தார். கடையில் ஆள் இல்லாததைக் கண்டு திருப்தியாகத் தலையாட்டினார்.

"கவலைப்படாதீங்கம்மா. இந்த மாதிரி ஒரு சின்ன ஊர்ல இவ்வளவு துல்லியமா ஒருத்தரை வெளியில நிறுத்தினது இதுதான் முதல் தடவை."

"கப்பல் நிக்கிற ஊரு சின்ன ஊரா அய்யா?"

"பெரிய ஊரா இருந்தா நாங்க வரமாட்டோம்மா. சின்னதா இருக்கிறது உங்க அதிர்ஷ்டம்."

"எம் மரத்தடி எனக்குத் திரும்பக் கெடைக்குமா? அத மட்டும் சொல்லுங்க."

"நாங்க கொடுக்கிற இடத்துல இல்லம்மா. கொடுக்கிறவங்களுக்கு எப்படிக் கொடுக்கணும்னு ஆலோசனை சொல்ற இடத்துல இருக்கோம். கொடுக்கிறவங்க எல்லாரும் புதன்கிழமை எங்க பயிலரங்குக்கு வர்றாங்க. அன்னைக்கு உங்களை உள்ளடக்குறோம்."

பயிலரங்கில்தான் சிக்கல் வந்தது. பயனாளியை அவருடைய பணியிடத்திலேயே வைத்து உள்ளடக்க வேண்டும் என்பது தலைமையகத்தின் ஒரு விதி. குளிரூட்டப்பட்ட அரங்கில், திரையும் மேடையும் பூங்கொத்தும் வைத்துத்தான் பயிலரங்கு நடத்த வேண்டும் என்பது இன்னொரு விதி. பொட்டலைக் குளிரூட்ட முடியுமா என்று இரண்டு நாள் யோசித்தார்கள். முடியாது என்று தெரிந்ததும் பணியிடத்தை அரங்குக்குக் கொண்டு வருவதென்று முடிவாயிற்று. இயக்ககம் பாளை ரோட்டில் ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்டில் வண்டி நுழையவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் கைப்பிடி இடித்தது. கைப்பிடியைக் கழற்றலாம் என்று யாரோ சொன்னார்கள். பணியிடத்தைச் சிதைத்தால் விதிமீறல் என்று சிவப்பிரகாஷ் சொல்லிவிட்டார்.

வேறு ஊராக இருந்தால் இந்த இடத்தில் கையை விரித்திருப்பார்கள். தூத்துக்குடியில் எந்தச் சாமான் எந்த வாசலில் நுழையாவிட்டாலும் உடனே தோன்றுகிற யோசனை ஒன்றுதான். சரக்கு ஏற்றுகிற கிரேனைக் கூப்பிட்டார்கள்.

கிரேன் ஓட்டுபவன் பெயர் ஜாபேஸ். காற்றாலை இறக்கைகளைக் கப்பலில் இருந்து இறக்கியவன். வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான்.

"அக்கா, இம்புட்டு லேசான சரக்க நான் தூக்குனதில்ல. காத்துல ஆடும். நீங்க படியேறிப் போயிருங்க."

"பாய்லரு கொதிக்கிது. யார் கையிலயும் விட மாட்டேன்."

"அப்ப அடுப்ப அணைங்க."

"அணைக்கக் கூடாது," என்றாள் ரம்யா. "இயங்குகிற நிலையில் உள்ளடக்கணும்னு போட்டிருக்கு."

ஜாபேஸ் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். சண்முகத்தாய் திருச்செந்தூர் முருகனை ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுக் கருப்பட்டிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். வண்டியைச் சுற்றிக் கட்டிய பெல்ட் இறுகியது. தரை நழுவியது.

முதல் மாடி வரை கண்ணை மூடியிருந்தாள். இரண்டாவது மாடியில் ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இரண்டையும் திறந்துவிட்டாள். உப்புக் குவியல்கள் இட்லி அவித்துக் கவிழ்த்தது போல் வரிசையாகத் தெரிந்தன. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், துறைமுகத்துக் கிரேன்கள், அதற்கு அப்பால் கடல். அவளுடைய வாகை மரம் மட்டும் கொத்தமல்லிக் கட்டு அளவுக்கு இருந்தது. அங்கே இந்நேரம் லாரிக்காரன்கள் வாய் வறண்டு கிடப்பான்கள் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குள் மூன்றாவது மாடிச் சன்னல் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளே எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சிவப்பிரகாஷ் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"வளர்ச்சி மேலிருந்து கீழே சொட்டட்டும் என்று காத்திருந்த காலம் போய்விட்டது. கீழே இருப்பவர்களை மேலே தூக்க வேண்டும் என்று நாம் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். இன்று தூக்கிவிட்டோம். இந்த ஊரில் நாம் இரண்டே அறையில் தொடங்கினோம். இன்று மூன்றாவது மாடி முழுவதும் நம்முடையது. அடுத்த ஆண்டு நான்காவது மாடி. இந்த ஊரில் வளர்ச்சியே இல்லை என்று யார் சொல்வது?"

பலத்த கைதட்டல். கொடுக்கிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து எப்படிக் கொடுப்பது என்று குறிப்பெடுத்துக்கொண்டார்கள். நடுநடுவே காப்பி குடித்தார்கள். சண்முகத்தாய்க்குச் சால்வை போர்த்தினார்கள். சாயங்காலம் எல்லோரும் கிளம்பியபோது அவள் சிவப்பிரகாஷைப் பிடித்தாள்.

"எம் மரத்தடி என்னாச்சு அய்யா?"

"அருமையான கேள்வி. அதையே அடுத்த பயிலரங்கின் தலைப்பாக வைத்திருக்கிறோம்."

"அது எப்பம்?"

"தை மாதம் இருக்கும்."

"அதுவரைக்கும் வண்டி?"

"கிரேன் கப்பல் வேலைக்குப் போயிட்டுதும்மா. வண்டி இங்கேயே இருக்கட்டும். நீங்கதான் உள்ள வந்துட்டீங்களே."

அன்று வீட்டுக்குப் போன சண்முகத்தாய்க்குச் சாப்பாடு இறங்கவில்லை. மரத்தடியும் போய், வண்டியும் மாடியில் மாட்டிக்கொண்டது. இடித்து வைத்த சுக்கு டப்பா நிறைய இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அழுகைக்குப் பதில் கோபம் வந்தது. லாரி ஓட்டும் மாரிச்செல்வத்துக்குப் போன் போட்டாள்.

"ஏலே, கட இப்பம் பாளை ரோட்டுல. மூணாவது மாடி. லிப்டு இருக்கு, ஏறி வா."

"லாரிய எங்கன விட?"

"வாசல்லயே விடு. அவனுவதான எல்லாரும் வாங்க வாங்கன்னு போர்டு வச்சிருக்கானுவ."

விடிகாலையில் காவலாளி அவளைத் தடுக்கவில்லை. சால்வை போர்த்தப்பட்டதை அவனும் பார்த்திருந்தான். மாரிச்செல்வம் வந்தான். அவனுக்குப் பின்னால் அவன் கிளீனர், அவனுக்குப் பின்னால் துறைமுக வரிசையில் நின்ற எல்லா லாரியும். பாளை ரோடு ஒரு பக்கமாக அடைத்துக்கொண்டது. சுமை தூக்குகிறவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். உப்பளத்துப் பெண்கள் வந்தார்கள். அவர்கள் நடந்த இடமெல்லாம் நீலக் கம்பளத்தில் வெள்ளைப் பாதங்கள் பதிந்தன. பயிலரங்கு நாற்காலிகள் சாய்வதற்கு வசதியாக இருந்ததால் காப்பி குடித்தவர்கள் உடனே எழுந்திருக்கவில்லை. ஏசிக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

மறுநாள் சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கருவாடு விற்கும் அமலோற்பவம் கூடையோடு லிப்டில் ஏறி வந்து, வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்தாள்.

"என்னம்மா இது?" என்று அலறியடித்துக்கொண்டு வந்தார் சிவப்பிரகாஷ்.

"நெத்திலி. வாளையும் இருக்கு. ஒங்களுக்கு எது ஐயா?"

"இங்க எதுக்கு வந்தீங்க?"

"நான் வெளியிலதான இருந்தேன். இப்பம் உள்ள வந்துட்டேன். ஒங்க வேல மிச்சம்."

அந்தக் கட்டிடத்து ஏசி ஒரே குழாயில் எல்லா அறைக்கும் போவது. மத்தியானத்துக்குள் கருவாட்டு வாசம் கணக்குப் பிரிவுக்குப் போயிற்று, ஆய்வுப் பிரிவுக்குப் போயிற்று, சிவப்பிரகாஷின் அறைக்கும் போயிற்று. இயக்ககம் தொடங்கிய நாளிலிருந்து விநியோகித்த எதுவும் இவ்வளவு சமமாக எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததில்லை.

ரம்யா மட்டும் மகிழ்ச்சியில் மிதந்தாள். மூலைக்கு மூலை ஓடிப் படம் எடுத்தாள். "சார், நாம எழுதினது எல்லாம் அப்படியே நடக்குது சார்," என்றாள்.

"அதுதான் பயமா இருக்கு," என்றார் சிவப்பிரகாஷ். மூக்கில் கைக்குட்டையைப் பொத்தியிருந்தார். "தலைமையகத்துல இருந்து திங்கட்கிழமை குழு வருது. உள்ளடக்கிய வளர்ச்சி எப்படி நடக்குதுன்னு பார்க்க வர்றவங்க, ஆபீஸுக்குள்ள ஏழைங்களைப் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

அன்றைக்கே சண்முகத்தாயைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். நாற்காலியில் ஏற்கெனவே ஒரு கிளீனர் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பி அனுப்பிவிட்டு உட்கார வைத்தார்.

"நீங்க எப்பம்மா கிளம்புறீங்க?"

"நான் எதுக்கு அய்யா கெளம்பணும்? வெளிய நின்னாத்தான் ஒங்களுக்கு வருத்தம். இப்பம் நல்லா உள்ள இருக்கேன். யாவாரமும் மோசமில்ல."

"உங்க மரத்தடி..."

"அது தை மாசந்தானே. ஒண்ணும் அவசரமில்ல. மெதுவாப் பேசி முடிங்க. அதுவரைக்கும் நான் எங்கனயும் போகல."

சிவப்பிரகாஷ் போனை எடுத்தார். கொடுக்கிற இடத்தில் இல்லாத அந்த மனிதர் ஒரு காப்பி ஆறுவதற்குள் யாரிடமெல்லாமோ பேசினார். சாயங்காலம் சுண்ணாம்பு வாளியோடு ஆட்கள் மரத்தடிக்குப் போய்விட்டார்கள். ரம்யா அங்கிருந்து வீடியோ அனுப்பினாள்.

"கோடு உங்க இடத்தை விட்டு வளைஞ்சு போகுது, பாருங்கம்மா," என்றார் சிவப்பிரகாஷ்.

"போன்ல எல்லாம் வளையும். மாரிச்செல்வம் போயிப் பாத்துட்டு வரட்டும்."

மாரிச்செல்வம் போய்ப் பார்த்து, கோட்டின் மேல் கால் வைத்து நடந்தும் பார்த்துவிட்டு வந்து, "வளைச்சுட்டானுவ, மைனி," என்றான். அதற்குப் பிறகுதான் சண்முகத்தாய் கருப்பட்டிப் பெட்டியை மூடினாள். நங்கூரம் போட்டு நின்ற கப்பல் ஒன்றைக் காக்க வைத்துவிட்டு ஜாபேஸ் கிரேனோடு வந்தான். ஏறிய வழியே இறங்கினாள். இறக்கி விட்டுவிட்டுப் போகிறவன் போகட்டும் என்று அவள் விடவில்லை.

"மரத்தடி வர கொண்டுவந்து விட்டுரு. இங்கேருந்து தள்ளிக்கிட்டுப் போக எனக்குத் தெம்பில்ல."

அப்படித்தான் கிரேன் முன்னால் தொங்கிக்கொண்டே, அடுப்பு எரிய எரிய, பாளை ரோடு, துறைமுகச் சாலை எல்லாம் கடந்து சண்முகத்தாய் தன் இடத்தில் வந்து இறங்கினாள். போகிற வழியில் ஜாபேஸுக்கு ஒரு டம்ளர் ஆற்றி நீட்டினாள் என்றும், அவன் ஒரு கையால் வாங்கிக் குடித்தான் என்றும் மாரிச்செல்வம் சத்தியம் பண்ணுகிறான். அமலோற்பவம் மட்டும் திங்கட்கிழமைக் குழு வருகிற வரை இறங்கவில்லை. குழுவினர் ஆளுக்குக் கொஞ்சம் நெத்திலி வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்வி.

மாமனார் ஊர்க் கொடை முடிந்து, மச்சினன் வீட்டுக் காதுகுத்தும் முடிந்து, வயிறு நிறைந்து வேல்ராஜ் திரும்பியபோது மரத்தடியில் எல்லாம் முன்பு போலவே இருந்தது. வண்டி நின்றது, லாரி நின்றது. அவன் வீராப்பாகச் சிரித்தான்.

"மாரிச்செல்வம் சொல்லுதான், ஜாபேஸு சொல்லுதான். எல்லாம் ஒங்கிட்டக் காப்பி குடிக்கிற கூட்டம். ஒரு ஆளு நம்புற மாதிரிப் பொய் சொல்லுக்கா."

"சரிலே, பொய்தான். கடயத் திற."

அவன் ஷட்டரைத் தூக்கி, கம்ப்ரசரை ஓடவிட்டு, பழைய டயர்களை எடுத்து வெளியே அடுக்கிக்கொண்டிருந்தான். அப்போது ஸ்கூட்டர் வந்து நின்றது. டேப்லட்டுடன் ரம்யா இறங்கினாள்.

"அண்ணா, அந்த டயரைக் கொஞ்சம் நகர்த்துறீங்களா?"

நகர்த்தினான். டயருக்கு அடியில் சுண்ணாம்புக் கோடு இருந்தது. சண்முகத்தாயின் மரத்தை விட்டு அழகாக வளைந்து வந்து, அவன் வாசற்படியில் ஏறி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பின்சுவர் வரை போயிருந்தது. பூட்டிக் கிடந்த கடைக்குள் எப்படிப் போட்டார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. சண்முகத்தாய்க்கு ஒரு கணம் முகம் சுருங்கிவிட்டது. கோடு வளைய வேண்டும் என்று கேட்டாளே தவிர, எந்தப் பக்கம் வளையும் என்று அவள் யோசித்திருக்கவில்லை.

"அண்ணா, ஒரே ஒரு கேள்வி," என்றாள் ரம்யா, முகமெல்லாம் மலர்ந்து. "நீங்க இப்ப வளர்ச்சிக்கு உள்ள இருக்கீங்களா, வெளிய இருக்கீங்களா?"

வேல்ராஜ் கோட்டைப் பார்த்தான். ரம்யாவைப் பார்த்தான். கையில் இருந்த ட்யூபைத் தொட்டியில் முக்கினான்; எதையும் பார்க்காமலே வெளியே எடுத்தான்.

"என்ன சொல்லணும்க்கா?" என்று சண்முகத்தாயிடம் மெதுவாகக் கேட்டான்.

"நான் சொல்லுதது எல்லாம் பொய்யாச்சேலே."

லாரி ஒன்று ஹாரன் அடித்தது. சண்முகத்தாய் ஒரு காப்பியை ஆற்றி, கருப்பட்டி தூக்கலாகப் போட்டு, அவன் முன்னால் வைத்தாள். வேல்ராஜ் அதை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

"நடந்ததுதான்க்கா," என்றான். "எல்லாமே நடந்ததுதான். அந்த ஜாபேஸு கம்ப்ரசரோட சேத்துத் தூக்குவானா?"